துணி அடைத்த டிரம்பெட்

மும்பையில், செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே, கால் ஓய்ந்துபோய் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. பக்கத்தில், சிவப்புக் கோட்டு போட்ட பேண்டுக்காரர்கள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகச் சாயங்கால வெயிலில் காத்துக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய டிரம்பெட்டின் அகன்ற வாயில் துணி அடைத்திருக்கிறது. நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு, அவராகவே பேச்சுக் கொடுக்கிறார். திருநெல்வேலிப் பக்கமாம். பகலில் தாராவித் தோல் பட்டறையில் பெல்ட் தைக்கிறாராம்.

“துணி எதுக்கு அண்ணாச்சி?”

“ஊதுதவன் ஏழு பேருதான். கல்யாணப் பார்ட்டி பன்னெண்டு பேரு நிக்கணும்னு கேக்குதாங்க. மிச்சம் அஞ்சு பேரும் சும்மா கன்னத்த உப்பிக்கிட்டு வரணும். தப்பித்தவறி சத்தம் வந்துரக் கூடாதுல்லா?”

“கத்துக்கிட்டு நீங்களும் ஊதலாமே?”

“அஞ்சு வருசமா பக்கத்துலயே நிக்கேன், கத்துக்கிடாம இருப்பனா? ஒருநா துணிய உருவிட்டு ஊதிப்புட்டேன். பேண்டு மாஸ்டர் மூணு மாசம் கூப்பிடவே இல்ல.”

மாப்பிள்ளை ஏறப்போகும் குதிரை வந்துவிட்டது. அவர் முதுகை நெட்டி முறித்துக்கொண்டு எழுந்துபோய் வரிசையில் நிற்கிறார். பாட்டு தொடங்குகிறது. மேலே ஏறும் இடத்தில், அவருக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஊதுகிறவர் பிசிறடித்து நின்றுவிடுகிறார். துணி அடைத்த டிரம்பெட்டின் பொத்தான்கள்மேல் மூன்று விரல்கள் மட்டும் நிற்காமல் ஓடுகின்றன. ஊதுகிறவர் ஓரக்கண்ணால் அந்த விரல்களைப் பார்த்து, விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்.