கரி குடித்த வாயு

மாட்டுங்கா ஆய்வுக்கூடத்துப் பஞ்சாபகேசனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போர்க்கால விஷவாயு முகமூடிகளுக்கான கொட்டாங்கச்சிக் கரி எவ்வளவு வாயுவை உறிஞ்சுகிறது என்று அளப்பது அவர் வேலை. நாள் முழுக்க இழுத்த அந்த வேலையை, கண்ணாடிக் குழாய்களை மாற்றியமைத்து ஒரு மணி நேரமாகக் குறைத்திருந்தார்.

அன்று அதே கரி, முந்தின நாளைவிட அதிகமாக வாயுவைக் குடித்தது.

"குழாய் எங்கேயோ கசியறது பஞ்சு. அவசரப்பட்டா இப்படித்தான். கழட்டிட்டுப் பழையபடியே அளந்துடு" என்றார் மேலதிகாரி வேங்கடசுப்ரமணியன்.

பஞ்சு ஒவ்வொரு மூட்டாகச் சோதித்தார். கசிவே இல்லை. மே மாதப் புழுக்கம் தாங்காமல், கரிக்குடுவையைக் குளிர வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் போட்டார். உப்புக் கரித்தது.

ஐஸ் வண்டி வராததால் காலையில் குல்பிக்காரனிடம் வாங்கிய ஐஸ் அது. குல்பி உறைவதற்காக அவன் அதில் உப்பைக் கொட்டி வைத்திருந்தான். உப்பால் குளிர் கூடியது. குளிர் கூடினால் கரியும் கூடுதலாகக் குடிக்கும்.

"குழாய்மேல தப்பில்லை ஸார். வாயில போட்டுப் பாருங்கோ" என்று ஒரு துண்டை நீட்டினார். வேங்கடசுப்ரமணியன் முகத்தைச் சுளித்தார்.

வேறு ஐஸ் வாங்கி வந்து அளந்ததும் முந்தின நாள் அளவே வந்தது. பஞ்சுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாயங்காலம் குல்பிக்காரனை நன்றாகத் திட்டிவிட்டு வருவதாகக் கிளம்பியவர், இரண்டு குல்பி தின்றுவிட்டுத் திரும்பினார்.