டிரம்முக்குள் வந்த வாகனம்

எண்பதுகளின் தொடக்கம். கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அம்மா நட்ட மரவள்ளிச் செடிகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. பிடித்து இழுத்தால் அடியில் கிழங்கே இருக்காது. பன்றி என்றார் அப்பா. பக்கத்து லயத்து ஆள்கள் என்றார் அம்மா. ஒரு வியாழக்கிழமை மாலை மாமா மண்வெட்டியோடு இறங்கி, இடுப்பளவு தோண்டி, திருடனை எண்ணெய் டிரம்முக்குள் போட்டுக் கொண்டுவந்தார்.

அது மூங்கில் புதருக்கு அடியில் வளை தோண்டி வாழும் மூங்கில் எலி. மலாய்க்காரர்கள் டெக்கான் என்பார்கள். பூனை அளவு உடம்பு, குட்டைக் கால், மஞ்சள் பல். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துப்போயிற்று. மாமாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது, குழம்பாக. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி ஆகாது. அதனால் சனிக்கிழமை வரை அதற்கு ஆயுள் நீண்டது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. பெரியவர்கள் பால்வெட்டப் போனதும் சாமி மேடையிலிருந்த குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, டிரம்மில் பெரிய பொட்டாக வைத்தேன். ஒரு செம்பருத்தியும் சாத்தினேன்.

மதியம் திரும்பி வந்தவர்களில் வேலையாள்களைக் கண்காணிக்கும் மண்டோரின் மனைவிதான் முதலில் பார்த்தார். மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ளையாரு வாகனத்தயா கொழம்பு வைக்கப் போற? நீ நல்லாருப்பியா?”

“எலி வேற, டெக்கான் வேறலா அக்கா,” என்று மாமா முனகியதை யாரும் காதில் வாங்கவில்லை. பொட்டை யார் வைத்தது என்று கேட்டார்கள். தானாக வந்தது என்று ஒரு குரல் சொன்னது. சொன்னது நான்தான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் டிரம்மைக் கும்பிட்டார்.

அரைமணி நேரத்தில் லயமே கூடிவிட்டது. வாழைப்பழம், கொழுக்கட்டை எல்லாம் வந்தன. வாகனம் எதையும் சட்டை செய்யாமல் மரவள்ளிக் கிழங்கையே கொறித்தது. பிறகு பிள்ளைகள் தகர டப்பா தட்டிக்கொண்டு போக, தன் குழம்பைத் தானே தலையில் சுமந்துகொண்டு மாமா நடந்தார். ஓடைக்கு அப்பால் மூங்கில் புதரில் இறக்கிவிட்டதும் அது மண்ணைப் பறித்து உள்ளே போய்விட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தத் தீபாவளிக்கும் வந்ததில்லை.

போகும்போதும் வரும்போதும் அம்மா என் வலது கையை விடவே இல்லை. தன் தலைத்துண்டை அவிழ்த்து அதன்மேல் சுற்றி, இறுக்கிப் பிடித்திருந்தார். பாவம், எலிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, “பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல,” என்று தைரியம் சொன்னேன். துண்டுக்குள் என் ஐந்து விரலும் குங்குமச் சிவப்பாக இருந்தது அப்போது என் புத்தியில் படவே இல்லை.