உருப்படி அக்கா

உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூன்று பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். கத்தி மறுபடி இறங்குகிறது. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் பள்ளம், உச்சியில் ஒரு மூக்கு.

"இது சமையலுக்கா, ஆபீசுக்கா?" என்று கணவர் அடுப்படி வாசலில் நின்று கேட்கிறார்.

"ரெண்டுக்கும்தான். வெந்துட்டா எல்லாம் ஒண்ணுதான், போங்க."

மகள் சாப்பிடும்போது தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவாள். "அம்மா, எனக்கு இன்னைக்கு ஒரு தூணோட கால் வந்திருக்கு." அவருக்குச் சிரிப்பு வராது. அந்தக் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார்.

இரும்புக் கட்டடங்களுக்குக் கணினியில் மாதிரி எழுப்பும் அலுவலகம் அவருடையது. தூண், உத்தரம், தகடு, போல்ட் எல்லாம் மென்பொருளுக்குள் தயாராகக் கிடக்கும். எடுத்து, இழுத்து, வைத்துவிடலாம். ஆனால் கட்டடம் கட்டச் சொல்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் நேர்கோடு பிடிப்பதில்லை. மான்கொம்பு போல ஒரு தூண் வேண்டும், சங்கு போல ஒரு மூட்டு வேண்டும். அந்தக் கோணல்மாணல்களை வேறொரு மென்பொருளில் தனியாகச் செய்து, ஒரே கட்டியாக உள்ளே கொண்டுவந்து, கேட்டலாக் என்ற பட்டியலில் பெயர் போட்டுச் சேர்க்கவேண்டும். அப்படிச் சேர்ந்த உருவத்துக்கு அலுவலகத்தில் உருப்படி என்று பெயர். பதினாறு வருடமாக அந்தப் பட்டியலைக் கட்டி மேய்ப்பதால் இவர் உருப்படி அக்கா.

எதிரில் நிற்பவர் பேச ஆரம்பிக்கும்போதே அக்காவின் தலை ஆட ஆரம்பித்துவிடும். 'இல்லை' என்று ஆடும் தலை. "அக்கா, அந்த வளைவை மட்டும் கொஞ்சம் இழுத்து..." என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். "இழுக்க அது என்ன சப்பாத்தி மாவா? உள்ள வந்துட்டா அது கல்லு. இழுக்கவும் முடியாது, கிள்ளவும் முடியாது. மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். எத்தனை வாட்டி சொல்றது?" சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்வார்.

அவர் எரிச்சலுக்குக் காரணங்கள் உண்டு. மில்லிமீட்டர் கணக்கில் செய்த ஒரு விளிம்பு மூடியை யாரோ அங்குலம் என்று சொல்லி அனுப்ப, அது இருபத்தைந்து மடங்கு வீங்கி நாலு மாடிக் கட்டடத்தை விழுங்கிக்கொண்டு நின்றது. இன்னொருவர் அனுப்பிய கைப்பிடிக்கு ஒரு பக்கத் தோலே இல்லை. திரையில் பார்க்கக் கைப்பிடி, எடை போட்டுப் பார்த்தால் பூஜ்யம். பெயர்களோ இன்னும் மோசம். புதுசு, புதுசு இரண்டு, கடைசி, கடைசிக்குக் கடைசி. "உங்க பிள்ளைக்கு இப்படித்தான் பேர் வெச்சீங்களா? உருப்படுமா இது?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான பெயர் வைப்பார். எந்தக் கட்டடம், எந்த இடம், இடதா வலதா.

இடது, வலது என்பதில் மட்டும் அவர் விடாக்கண்டர். சாதாரண உத்தரங்களைக் கண்ணாடிப் பிம்பம் போல் மறுபக்கம் நகல் எடுக்க மென்பொருளில் 'மிரர்' என்று ஒரு வசதி இருக்கிறது. உருப்படிகளிடம் அது செல்லாது. திருப்பி வைக்குமே தவிர, இடதை வலதாக்காது. "இடது கால் செருப்பை எத்தனை சுத்து சுத்தினாலும் அது வலது கால் செருப்பு ஆகுமா? ஆகாதில்ல? வலதுக்குத் தனியா செஞ்சு தரேன், கேளுங்க." இதை எழுதிச் சுவரில் ஒட்டவில்லை. ஒட்டினால் மறந்துவிடுவார்கள் என்று தினம் வாயாலேயே சொல்வார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. மருத்துவமனையின் இரண்டு கட்டடங்களை இணைக்கும் நடைபாலம் ஒன்று அவர்கள் கையில் இருந்தது. பாலத்தைத் தாங்கும் குழாய்கள் மரக்கிளை போலப் பிரியும். பிரியும் இடத்தில் மூன்று கைகள் கொண்ட வார்ப்பிரும்பு மூட்டு. இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் எட்டு. வேறு ஏதோ ஒரு போல்ட்டுக்கு அளவெடுக்கப் போன அக்காவின் கண், வலப்பக்க மூட்டு ஒன்றின் மூன்றாவது கையில் நின்றது. குழாயின் வாய் ஓரிடத்தில், கை இரண்டு விரற்கடை தள்ளி இன்னோரிடத்தில். அடுத்த மூட்டிலும் அப்படியே. எட்டிலும் அப்படியே. தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. கிட்டே போனால் இரண்டும் சேரவே சேராது. வரைபடங்கள் வியாழனன்றே வார்ப்புப் பட்டறைக்குப் போய்விட்டன.

பாலத்தின் மாதிரியைச் செய்தவனுக்கு அலுவலகத்தில் அவசரம் என்று பெயர். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைக்காரன். பிறர் ஒரு நாளில் செய்வதை அரை நாளில் முடித்துவிட்டு, மீதி அரை நாள் திருத்திக்கொண்டிருப்பான்.

"மிரர் போட்டியா?" அக்காவின் குரல் கேட்டு ஏழு மேசைகளும் திரும்பின.

"இல்லக்கா. நீங்க குடுத்த வலதைத்தான்..."

"வாயை மூடு. இது இடது. எட்டும் இடது. என் கண்ணு என்ன பொட்டையா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி! நாளைக்கு நோயாளிங்க நடக்கிற பாலம்டா இது!"

அவன் ஏதோ சொல்ல வந்தான். அக்காவின் தலை ஆடிக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா பட்டறைக்குப் போன் போட்டார். நாலு தரம் மணி அடித்து, யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, மறந்துபோய், கடைசியில் மேஸ்திரி வந்தார்.

"ரெண்டு ஊத்தியாச்சும்மா. வலது மூட்டுதானே? மூணாவதுக்கு உலை காயுது."

"நிறுத்துங்க. அது தப்பு."

"நீங்க சொன்னா நிறுத்திட முடியுமா? காய்ஞ்ச உலையை ஆத்தறது லேசா? கடுதாசி அனுப்பச் சொல்லுங்க. அரை மணி பாப்பேன். அப்புறம் ஊத்திடுவேன்."

விஷயத்தைக் கேட்டு மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடிதத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டால் பட்டறை ஏற்காது. "என்னன்னு எழுதறது? மாதிரி செஞ்சவர் மிரர் போட்டதால வந்த பிழைன்னு எழுதிடவா? அவனை இந்த வேலையிலேர்ந்து மாத்திடறேன். ஏற்கெனவே அவன்மேல ரெண்டு புகார் இருக்கு."

"எழுதுங்க. அதுக்குள்ள சரியான வலதை நான் எடுத்து வைக்கிறேன், கடிதத்தோட போகட்டும்."

அவர் தன் இடத்துக்கு வந்து பட்டியலைத் திறந்தார். நடைபாலம், மூட்டு, வலது. பெயரைத் தொட்டதும் உருவம் திரையில் எழுந்து மெல்லச் சுழன்றது. மூன்றாவது கை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இடது என்ற பெயரைத் தொட்டார். அதுவும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

மறுபடி வலதைத் தொட்டார். சுழன்றது. சாய்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடப் பார்த்ததும் தெரிந்துவிடும். இது பிள்ளையார் போலவே இருந்த குரங்கு. சேர்த்த தேதி, போன வாரச் செவ்வாய். சேர்த்தவர் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர் இருந்தது. அன்றைக்கு மேசையைச் சுற்றி மூன்று பேர் நின்று ஆளுக்கொன்று கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இடது, வலது இரண்டு கோப்புகளும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒரு வரி மேலே அமுக்கியிருக்கிறார். பெயரை மட்டும் ஒழுங்காக வைத்திருக்கிறார்.

காதுமடல் சுட்டது. சரியான வலது உருவம் அவருடைய வேறொரு பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து அதே பெயரில் சேர்க்கப் போனார். 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு உருவம் உள்ளது. மாற்றவா?' என்று மென்பொருள் கேட்டது.

ஆம் என்றால் போதும். எட்டு மூட்டுகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் சரியாகிவிடும். தேதி இன்றைய தேதி ஆகிவிடும். பழையது இருந்த சுவடே இருக்காது. மிரர் போட்டான், அக்கா கண்டுபிடித்தார், அக்கா திருத்தினார். அடுத்த பத்து வருடத்துக்கு அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சுட்டி அந்த 'ஆம்'மின் மேல் நின்றது. எதிர் மேசையில் அவசரம், வேறு ஏதோ உத்தரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தான். பட்டறையின் அரை மணியில் இருபது நிமிடம் போய்விட்டது.

"என்னக்கா, கடுதாசியை அனுப்பட்டுமா?" மேலாளர் அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"சனியன்" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். பிறகு 'இல்லை'யை அமுக்கினார். சரியான உருவத்தைப் புதுப் பெயரில் தனியாகச் சேர்த்துவிட்டு எழுந்து மேலாளர் அறைக்குப் போனார்.

"அந்தக் காரணத்தை அடிங்க. வலதுன்னு பேர் போட்டு இடதைக் குடுத்தது நான்னு எழுதுங்க."

"நீங்களா?"

"ஆமா, நானேதான். என்னைக் கேள்வி கேக்கறதுக்கு அப்புறமா நாள் பாத்துக்கலாம். முதல்ல அனுப்புங்க, உலை காத்திருக்கு!"

கடிதம் போனது. ஆறு நிமிடம் கழித்து மேஸ்திரி கூப்பிட்டார். உலையை ஆற்றிவிட்டார்களாம். வார்த்த இரண்டும் உருக்கத்தான் ஆகும், மற்றது பிழைத்தது என்றார். "நல்லவேளை, சொன்னீங்க" என்று சேர்த்துக்கொண்டார். அக்கா போனை வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். கடிதத்தை மேலாளரும் பட்டறையும்தான் படிக்கப்போகிறார்கள். ஆனால் காலையில் திட்டியது ஏழு மேசைக்கும் கேட்டிருந்தது.

"எல்லாரும் இப்படி வாங்க" என்றார். காலையில் இருந்த அதே எரிச்சல், அதே உரத்த குரல். "சும்மா வேடிக்கை பாக்கக் கூப்பிடல. அவசரம், நீ முன்னால வா. பின்னால நிக்காத."

அவன் இன்னொரு திட்டுக்குத் தயாராகிக் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அக்கா தன் திரையை இரண்டு கைகளாலும் பிடித்து அவர்கள் பக்கமாகத் திருப்பினார். கம்பி இழுத்ததில் பேனாக்கள் உருண்டு விழுந்தன, யாரும் குனியவில்லை. இடப்பக்கம் சாய்ந்த அந்த 'வலது' உருவத்தின் தேதிக்கும் தன் பெயருக்கும் அடியில் விரலை வைத்தவர், கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.