பத்மினி காரின் பின் சீட்டு

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். கடைக்கு வருகிறவர்களுக்கே அது தெரியும். போடியில் தார்ப்பாயும் சாக்கும் கயிறும் விற்கிற கடை என்னுடையது. நாலு தார்ப்பாயை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, "அப்புறம் வர்றேன்" என்று நழுவுகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. அப்படிப்பட்ட என்னையும் வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்டவர்கள் எங்கள் ஊர் பழைய கார் கிளப்புக்காரர்கள். அவர்களைப் பற்றியும், அந்தக் கிளப்பை மூட இருந்த சமயத்தில் அதற்குள் வந்து விழுந்த சில பிள்ளைகளைப் பற்றியும் எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கட்டடமும் கிடையாது, போர்டும் கிடையாது. பழைய வண்டியை விற்க மனசு வராத சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு போடிமெட்டு வரைக்கும் ஏறுவார்கள். மேலே டீ குடிப்பார்கள், அவரவர் வண்டியைப் பற்றிப் பீற்றிக்கொள்வார்கள், இறங்கிவிடுவார்கள். அவ்வளவுதான் கிளப். என் வீட்டுக்காரர் எங்கள் வெள்ளைப் பத்மினி காரில் போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் "செகண்டுக்கு மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே போவேன். அவர் எப்படியும் மாற்றத்தான் போகிறார் என்பது தெரிந்தும் சொல்வேன்.

அவர் திடீரென்று மௌத்தாகிவிட்டார். புருஷனை இழந்த பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்த அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை வாசலில் ஒரு கறுப்பு அம்பாசிடரும் ஒரு பழைய ஜீப்பும் வந்து நின்றன. அம்பாசிடர்காரர் அரிசி மில் வைத்திருந்தவர். மில்லுக்காரர் என்றுதான் ஊரே சொல்லும். ஜீப்புக்காரர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லுக்காரர் என்னைப் பார்த்து, "சாவியக் கொண்டா தங்கச்சி. நின்னுக்கிட்டே இருந்தா வண்டி வீணாப் போகும். நாங்க யாராச்சும் ஓட்டுறோம், நீ சும்மா உக்காந்து வா" என்றார்.

"நானே ஓட்டுறேன்ணே" என்றேன்.

ராசிங்காபுரம் ரோட்டில் ஓட்டிப் பழகியவள்தான் நான். லைசென்சும் உண்டு. ஆனால் மலையில் ஒரு நாளும் ஓட்டியதில்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மனிதர் தடுக்கவில்லை. தன் வண்டியில் ஏறி, என் வேகத்துக்கு, அதாவது எருமை வேகத்துக்கு, எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனார். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வா வா என்று காட்டினார். பின்னால் ஜீப்புக்காரர், அவசரப்பட்டு ஹாரன் அடித்த லாரிகளை எல்லாம் தன் முதுகில் வாங்கிக்கொண்டு வந்தார். மேலே போய் இறங்கி, கதவைப் பூட்டச் சாவியை நுழைக்கவே எனக்கு மூன்று தடவை ஆயிற்று. அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி, "டீயில சீனி போடச் சொல்லவா?" என்று கேட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இரண்டு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மகன் துபாயில், மகள் சென்னையில். போன் தவறாமல் வரும், குறை சொல்ல முடியாது. ஆனால் மற்ற நாளெல்லாம் கடை, சாக்கு, தூசி. ஞாயிறு ஒன்றில்தான் எனக்குச் சிரிக்கவும் சண்டை போடவும் ஆள் இருந்தது.

அதுவும் கரைய ஆரம்பித்தது. ஒருவர் வண்டியை விற்றார், இன்னொருவர் மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போனார், வேறு சிலர் மண்ணுக்கே போய்விட்டார்கள். கடைசியில் மிஞ்சியது எங்கள் மூன்று வண்டிகள்தான். ஒரு ஞாயிறு டீக்கடையில் வைத்து மில்லுக்காரர் சொன்னார்: "ஆடி முடியிறதுக்குள்ள சின்ன வயசுல ஒருத்தராச்சும் சேரணும். இல்லேன்னா கிளப்ப மூடிருவோம். மூணு கெழடு மலையேறி, நடுவுல ஒண்ணு மக்கர் பண்ணா தள்ளுறதுக்கு யாரு இருக்கா?"

"யாரைக் கெழடுங்குறீங்க?" என்று நான் எகிறினேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னது நியாயம்தான்.

பிறகு மூன்று பேரும் பிள்ளை பிடிக்கிற வேலையில் இறங்கினோம். ஒரு கல்லூரி மைதானத்தில் வண்டிகளை நிறுத்தினோம். மில்லுக்காரர் என் கடையிலேயே கயிறு வாங்கி அம்பாசிடரைச் சுற்றிக் கட்டி, "தொடாதீர்கள்" என்று எழுதித் தொங்கவிட்டார். வந்த பிள்ளைகளுக்கு கார்புரேட்டர் என்றால் என்ன என்று ஆதியிலிருந்து விளக்கினார். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள், கயிற்றுக்கு வெளியே நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். அடுத்த தடவை டீயும் வடையும் வைத்துப் பார்த்தோம். வடை தீர்ந்தது. ஆள் சேரவில்லை.

நாங்கள் மைதானத்தில் தேடிய பிள்ளைகள் முந்தலில் நின்றுகொண்டிருந்தார்கள். மலை ரோடு தொடங்குகிற இடம் அது. மேலே தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள், போடியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள், சனிக்கிழமையும் வகுப்பு இருப்பதால் ஞாயிறு காலையில்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு லீவு என்பதால் ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் அதிகம் ஓடாது. வருகிற பஸ்சில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் எந்த வண்டி வந்தாலும் கையை நீட்டுவார்கள். இந்த ரோட்டில் அது ஒரு வழக்கம். இடம் இருந்தால் நிறுத்த வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போக வேண்டும். எங்கள் மூன்று வண்டியும் காலிச் சீட்டோடு, கையைக்கூட ஆட்டாமல் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. வெளியாளை ஏற்றக் கூடாது என்பது கிளப் சட்டம். சட்டம் போட்டவர் மில்லுக்காரர். காரணம் சீட்டு கவர்.

அந்த ஞாயிறு நல்ல தூறல். ஒரு பெண் புத்தகப் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு கை நீட்டினாள். நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தியது ஒரு பெண்ணுக்கு. ஏறியது ஐந்து பேர். கடைசியாக ஏறிய பையன் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, கூரையில் டப் டப் என்று இரண்டு தட்டு தட்டி, "ரைட்டு, போலாம்" என்றான். தோட்டத்து ஜீப்பில் கடைசியாகத் தொற்றுகிறவன் அப்படித் தட்டினால்தான் டிரைவர் எடுப்பார். நான் திரும்பி முறைத்தேன். அவனுக்கு எதற்கு முறைக்கிறேன் என்றே புரியவில்லை. மேலே இறங்கும்போது அவன் காசு எடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டான். இரண்டாவது முறை முறைத்தேன், கையை எடுத்துவிட்டான்.

"அடுத்த ஞாயிறும் வருவீங்களா பாயம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வருவோம். வேற என்ன சோலி எங்களுக்கு?" என்றேன்.

அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் நின்றார்கள். என் வண்டி நிறைந்தது, ஜீப்பு நிறைந்தது, இரண்டு பேர் மிச்சம். நான் மில்லுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனிதர் வேண்டாவெறுப்பாகக் கதவைத் திறந்தார். ஈ உட்கார்ந்தாலே துணியால் துடைக்கப்படுகிற அந்த அம்பாசிடரின் தலையில் விழுந்தன இரண்டு தட்டு. மில்லுக்காரர் இறங்கி வந்து கூரையைத் தடவிப் பார்த்தார்.

"சாரி தாத்தா, கை தன்னால வந்திருச்சு" என்றான் பையன். "ஆனா வண்டி அடிபொளி."

"பாத்தியா தங்கச்சி, அடிச்சதுமில்லாம பொளந்துருவேன்னு வேற சொல்றான்" என்றார் மில்லுக்காரர். ஜீப்புக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், "அண்ணே, மலையாளத்துல பிரமாதம்னு சொல்றான்" என்று விளக்க வேண்டியதாயிற்று. மில்லுக்காரர் நம்பாமல் இன்னொரு தடவை கூரையைத் தடவிவிட்டுத்தான் ஏறினார்.

வாரா வாரம் வந்தார்கள். முன் சீட்டு அந்தப் பெண்ணுக்கு என்று ஆகிவிட்டது. கியர் ஏன் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாள். ஹாரன் ஏன் இப்படி அழுகிறது என்று கேட்டாள். கடை எங்கே, வீடு எங்கே என்று கேட்டாள். ஒரு நாள் ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், "பாயம்மா, செகண்டுக்கு மாத்துங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. யாருக்கு யார் சொல்லித் தருகிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரருக்கு நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் இதை. அவர் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. பேசாமல் செகண்டுக்கு மாற்றினேன்.

மில்லுக்காரர் மட்டும் இறங்கி வரவில்லை. ஆடி பாதி தாண்டியிருந்தது. "இவங்க கிளப்புக்கு வரல தங்கச்சி" என்றார் ஒரு நாள். "ட்ரிப்பு ஜீப்பு கெடைக்கலன்னு வர்றாங்க. நாளைக்கே ஞாயித்துக்கிழமைக்குன்னு ரெண்டு பஸ்சு விட்டா ஒருத்தரும் நம்மள ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. வண்டி மேல ஆசை இருக்கணும், அதான் கிளப்பு."

அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஓசிச் சவாரிக்கு வந்தவர்களை நான்தான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்று கடையில் சாக்கை எண்ணும்போதெல்லாம் யோசித்தேன். எண்ணிக்கை தப்பியது.

ஆடி கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள் மேலே பேய் மழை. பாறை உருண்டு ரோடு அடைத்துவிட்டது, வண்டி எதுவும் ஏற முடியாது என்று செய்தி வந்தது. மில்லுக்காரர் போன் செய்து, "மலைக்குப் போக முடியாது. நாளைக்கு உன் வீட்டுலயே உக்காந்து பேசி முடிச்சிருவோம்" என்றார். என்ன பேசி முடிப்பது என்று நான் கேட்கவில்லை.

கடைக்கு மேலேதான் என் வீடு. மறுநாள் காலை இரண்டு பேரும் வந்தார்கள். மில்லுக்காரர் பெண் பார்க்க வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஜீப்புக்காரர் பேப்பரைப் படிக்கிற மாதிரி பிடித்திருந்தார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காத தங்கச்சி" என்று மில்லுக்காரர் தொண்டையைச் செருமினார். "சொன்னது சொன்னதுதான். இன்னையோட..."

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். அந்தப் பெண் முதலில் வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள், நாங்கள் அதுவரை பார்த்திராத இரண்டு மூன்று முகங்களும் சேர்ந்து, தொப்பலாக நனைந்து நின்றார்கள்.

"ரோடு அடச்சிருக்கே, தெரியாதா?" என்றார் மில்லுக்காரர்.

"தெரியும் தாத்தா. வர வேண்டாம்னு அம்மா நேத்தே போன் பண்ணிட்டாங்க."

"வண்டி எதுவும் மேல போகாது."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல இருந்தது அவள் முகம். "ஞாயித்துக்கிழமைல்ல தாத்தா" என்றாள்.

ஜீப்புக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். டீ போடுகிறேன் என்று நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே அடுப்பைப் பற்ற வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். யா அல்லாஹ், உனக்கு நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். கண்ணில் வந்ததைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கினேன் என்று பொய் சொல்லக்கூட அங்கே வெங்காயம் இல்லை.

வெளியே மில்லுக்காரர் குரல் கேட்டது. "நனைஞ்சுக்கிட்டே நிக்காதீங்க, உக்காருங்க." நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம். "உங்கள்ல லைசென்சு வச்சிருக்கிறது யாரு?"

"நான் வச்சிருக்கேன்" என்றாள் அந்தப் பெண். "ஆனா இந்த மாதிரி கியர் வச்ச வண்டி ஓட்டுனதில்ல."

"மழை விடட்டும். மலைதானே அடச்சிருக்கு, ராசிங்காபுரம் ரோடு தெறந்துதான் கெடக்கு. அம்பாசிடர எடுப்போம்" என்றார். பாதியில் விட்ட அந்த வாக்கியத்தை அவர் அன்றைக்கும் முடிக்கவில்லை, இதுவரைக்கும் முடிக்கவில்லை.

அத்தனை பேருக்குப் பால் பத்தாது. பக்கத்துக் கடையில் வாங்கலாம் என்று படியிறங்கினேன். கீழே கால் வைக்க இடமில்லை. நனைந்த செருப்புகள், சேறோடு, ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. இப்படிக் கழற்றிப் போட்டிருந்தால் வேறொரு நாள் வீடே இரண்டாகிற மாதிரி கத்தியிருப்பேன். என் வீட்டுக்காரர் மௌத்தான அன்றைக்குப் பிறகு என் வாசலில் இத்தனை செருப்பு கிடந்ததில்லை. ஒன்றையும் மிதிக்காமல், ஒன்றையும் ஒதுக்கி வைக்காமல் தாண்டிப் போய்ப் பால் வாங்கி வந்தேன்.