விமலேஸ்வரியின் தண்ணீர் முறை

ஊட்டிய சோற்றை வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அதையே தன் கையால் அள்ளித் தின்கிறாள் விமலேஸ்வரி. சோறும் அதேதான், ருசியும் அதேதான். ஆனால் முதல் வாய் தகப்பன் கொடுத்தது, அது செல்லாது.

வருகிற ஐப்பசிக்குத்தான் அவளுக்கு மூன்று வயது. தகப்பன் வீரகத்தி சைக்கிளில் தூக்கி வைத்தால், அலறி இறங்கி, பெடலில் தொங்கித் தானே ஏறப் பார்ப்பாள். வாய்க்காலைத் தூக்கிக் கடத்திவிட்டால், மறுபடி அக்கரைக்குப் போய்த் தவழ்ந்து கடந்து வருவாள். "ஐயா செய்யேல்லை. நான்!" என்பது தீர்ப்பு. தானே சட்டை போட்டால் தலை கைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். எடுத்துவிட வந்தவருக்குத்தான் அடி.

கிளிநொச்சிக் கொலனிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிய மனிதர் வீரகத்தி. முரட்டு நாம்பன் காளையையும் நுகத்துக்குப் பழக்கியவர். இந்த இரண்டு முழப் பிள்ளை மட்டும் பிடிபடவில்லை. போன மாதம் வரை விரலை விடாமல் நடந்தது, இப்போது கை நீட்டினால் தட்டிவிடுகிறது. அவருக்கு அது உள்ளுக்குள் சுட்டது.

"இஞ்சாரும், இவளுக்கு என்னில என்ன கோவம்?" என்று மனைவி இரஞ்சிதத்தைக் கேட்டார்.

"கோவமோ? பிள்ளை வளருதெல்லோ" என்றாள் அவள், உலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வளர்கிற பிள்ளை தகப்பனை ஏன் அடிக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, கோடைச் சிறுபோக நெல் கதிர் வெளிவரப்போகும் குடலைப் பருவத்தில் நின்றது. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலம். அவருடைய முறை மத்தியானம் வரைக்கும்தான். அடுத்தது எட்டு நாள் கழித்து. அன்றைக்குப் பாயாவிட்டால் பாதி வயல் பதர்தான். விடியவே வாய்க்கால் வரம்பில் மடை வெட்டித் திறந்துவிட்டு, மேட்டில் மிளகாய்க்குக் களை பிடுங்கிய இரஞ்சிதத்தின் பக்கத்தில் பிள்ளையை இருத்திவிட்டு, கீழ்வரம்பில் நண்டுத் துளைகளை அடைக்கப் போனார்.

வெயில் ஏறியபோது ஓட்டம் நின்றுவிட்டது. கொலனியில் தண்ணீர் நின்றால் யாரும் மடையைப் பார்ப்பதில்லை, மேல்காணிக்காரனைத்தான் பார்ப்பார்கள். வீரகத்தியும் மண்வெட்டியோடு நேரே மேல்காணி மயில்வாகனத்தின் கொட்டிலுக்குப் போனார்.

"என்ர முறையில ஏன் காணும் கை வைச்சனீர்?"

பழஞ்சோறு தின்றுகொண்டிருந்த மயில்வாகனம் கை கழுவவும் இல்லை. "நானோ? என்ர மடை கட்டிக் கிடக்குது, வந்து பாரும்!"

அது கட்டித்தான் கிடந்தது. இருவரும் கீழே வந்து பார்த்தால், வீரகத்தியின் மடையும் அடைபட்டிருந்தது. விடிய அவர் வெட்டிப்போட்ட மண்கட்டிகளே திரும்ப வந்து பாதியை அடைத்திருந்தன. மீதியை, அவற்றைத் தூக்கிப் போட்ட விமலேஸ்வரி நடுவில் குந்தியிருந்து தன் உடம்பால் அடைத்திருந்தாள். களையில் குனிந்திருந்த தாய் ஒன்றும் அறியாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"ஐயா துறந்தது வேண்டாம். நான் துறப்பன்."

"தோளில ஆட்டை வைச்சுக்கொண்டு என்ர வளவில வந்து தேடுறீரே!" என்று மயில்வாகனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீரகத்திக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பிழைதான் மயில்வாகனம், மனசில வைச்சிராதையும்" என்றார்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மண்வெட்டியை ஓங்கினார், பிள்ளை வீரிட்டது. தூக்கி அப்பால் வைத்துவிட்டு வெட்டலாம். வெட்டினால், திரும்பி வந்து முழுவதையும் அடைத்து முதலிலிருந்து தொடங்குவாள். பயிரும் அவருடையது, பிள்ளையும் அவருடையது, யாரோடு கோபிப்பது? மண்வெட்டியை மயில்வாகனத்திடம் கொடுத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினார்.

விமலேஸ்வரி எழும்பி, சிரட்டை அளவு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, அதை நெடுநேரம் பார்த்து, வரம்பில் பக்குவமாக வைத்தாள். பிறகு அடுத்ததைத் தேடினாள்.

"கெதியாய், அம்மா... முறை முடியப்போகுது."

"ஐயா கதைக்காதை!"

வீரகத்தி கைகளைப் பின்னால் கட்டி, மழை பார்ப்பவரைப் போல முகத்தை வானத்துக்கு உயர்த்தினார். கலங்கிய தண்ணீருக்குள் அவருடைய வலது கால் பெருவிரல் மட்டும், பிள்ளைக்குத் தெரியாமல், மடையின் அடியை மெல்ல மெல்லத் தோண்டிக்கொண்டிருந்தது.