அண்ணாவைப் பங்கு கேட்ட கழகம்

எங்கள் அண்ணா பருத்தித்துறையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுக் குடும்பத்தைத் தாங்கினார். எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்து வந்து, புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்து, என்னையும் அழைத்துக்கொண்டார். அந்த ஊரில் எனக்குத் தமிழில் கதைக்க அண்ணாவைத் தவிர ஒருவருமில்லை. அவருக்கோ ஞாயிறு மட்டுமே விடுமுறை.

அந்த ஞாயிற்றையும் ஐரிஷ்காரர்கள் பறித்துக்கொண்டார்கள்.

கையாலும் காலாலும் ஆடும், 'கேலிக்' என்ற அவர்களுடைய கால்பந்துக்கு அங்கே அப்போதுதான் ஒரு கழகம் தொடங்கியிருந்தது. கழகம் என்பதெல்லாம் பெரிய பேச்சு. ஒரு பண்ணைக்காரர் இரவல் தந்த மேய்ச்சல் நிலம். மாடுகளைத் துரத்திச் சாணம் அள்ளிய பிறகே ஆட்டம். உடை மாற்ற ஓர் அறைகூட இல்லை. ஆளும் போதாது. அண்ணா ஊரில் வொலிபோல் ஆடியவர் என்று கேள்விப்பட்டு, கூட வேலை செய்த ஒருவர் இழுத்துப் போனார். போனவர் போனவர்தான்! அணியின் சேற்று ஜேர்சிகளெல்லாம் எங்கள் குளியலறையில்தான் ஊறின.

ஒருநாள் வாசலை மறித்துக் கேட்டேன். "அண்ணா, உங்களுக்கு நான் பெரிசோ, அந்தப் பந்து பெரிசோ?"

"விசர்க் கதை கதையாதை, தங்கச்சி. நான் போகாட்டி, ஆள் காணாமல் அவங்கள் கலைஞ்சு போயிடுவாங்கள். நீ எங்கை போகப்போறாய்?"

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்றும் எரிகிறது, மறைப்பானேன்?

ஒருமுறை போய்ப் பார்த்தேன். உயர வந்த பந்தை அண்ணா எம்பிப் பொத்திய கையால் குத்தினார், கோல்! ஒரு நெட்டையர் அவரைத் தோளில் தூக்கிக் கூத்தாடினார். அண்ணா அப்படிச் சிரித்து வீட்டில் நான் கண்டதில்லை. கைதட்ட எனக்கு மனம் வரவில்லை.

நான் மணமாகி மங்கரேக்குப் போனேன். அண்ணா தனியாகவே இருந்தார். என் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்த்தார். அவர் நோயில் விழுந்தபோது கழகத்தார் முறைவைத்து ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் கட்டிலருகே கதிரையில் யாராவது ஒரு வெள்ளைக்காரர் இருப்பார். எழுந்து எனக்கு இடம் தருவார். என் அண்ணாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் தர இவர்கள் யார்?

அண்ணா கண்மூடிய முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிப் படையலுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தேன். அணித்தலைவரின் மனைவி தான் சுட்ட ரொட்டியோடு வந்தார். ஆட்டம் முடிந்ததும் அண்ணா இதைத்தான் ஆசையாகக் கேட்பாராம். என் வீட்டில் அண்ணா பாண், ரொட்டி எதையும் தொட்டதேயில்லை.

துயரில் கூட நின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும், கழகத்தாருக்கும்தான், எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ரொட்டியையும் படைத்தேன். இலையின் ஓரத்தில். நடுவில் என் புட்டு.