கடைசி வரிசை மேசை

கத்தரிக்கோல் சரக் சரக்கென்று ஓடுகிறது. டீச்சர் கணக்குத் தாளை நறுக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு கணக்குக்கு ஒரு துண்டு. முழுத் தாளையும் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்து மிரண்டு எதையுமே தொடாத பிள்ளைகள் உண்டு. துண்டாகக் கொடுத்தால் ஒன்றை முடித்துவிட்டு "அடுத்தது?" என்று கை நீட்டும். பள்ளியில் இவருக்குக் கத்தரிக்கோல் டீச்சர் என்றே பெயர். காதில் விழும்; கண்டுகொள்ள மாட்டார்.

கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்றிருக்கும் ஏ.டி.எச்.டி. குறைபாடு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கு, பள்ளி என்னென்ன உதவி செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு தனித் திட்டம் வகுப்பது இவர் வேலை. இவருடைய உதவி அறையில் பிள்ளைகளோடு கூட இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. பிள்ளைகளாவது சற்று நேரம் நிற்கும். டீச்சர் நிற்க மாட்டார். தேநீரை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவார். "அம்மா, என் பென்சிலப் பாத்தீங்களா?" என்பார். "தலைய ஆட்டுங்க, விழும்" என்பேன். கொண்டையில்தான் செருகியிருக்கும்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண். வீட்டில் 'வண்டு' என்று கூப்பிடுவார்கள். திட்டப்படி அவளுக்கு முன்வரிசையில் இடம். ஆனாலும் நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டும் எழுந்துகொண்டும் இருந்தாள். இப்படியே போனால் வேறு கட்டடத்திலுள்ள தனிப் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாகத் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். அவளுக்கு இருக்கும் ஒரே தோழி இந்த வகுப்பில்தான்.

"முன்னாடி உக்கார வெச்சாச்சு, கணக்க வெட்டி வெட்டிக் குடுத்தாச்சு. இனிமே என் மடியிலதான் உக்கார வெக்கணும்" என்றார் வகுப்பு சார்.

"பாவம் சார் உங்க மடி. ஒரு பீரியட் நான் அவ எடத்துல உக்காந்து பாக்குறேன்" என்றார் டீச்சர்.

அது அவர் வழக்கம். பிள்ளையின் நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்க்காமல் திட்டம் எழுத மாட்டார். வண்டு வருட நடுவில் வந்து சேர்ந்தவள். அவசரத்தில் அது விட்டுப்போயிருந்தது. அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"தப்பு என்னுதும்மா. பின்னால ஒரு பெஞ்சு கிரீச்சுன்னா நானே திரும்புறேன். ஒரு டப்பா விழுந்தா திரும்புறேன். மொத்த வகுப்பும் முதுகுக்குப் பின்னாடி இருந்தா அவ போர்ட எப்படிப் பாப்பா?"

மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மருந்தை மாற்றுவோம். நோயாளியை யாரும் திட்டுவதில்லை. அதைச் சொன்னேன். "அதேதான்" என்றவர், அன்று மாலையே எல்லாரையும் கூட்டிவிட்டார். சலவைக்கடையில் வேலை பார்க்கும் வண்டுவின் அம்மாவும் ஓடி வந்தாள்.

"முன்வரிசைன்னு எல்லாரும் எழுதுறத நானும் யோசிக்காம எழுதிட்டேன்" என்றார் டீச்சர். "கடைசில, சுவரோரமாப் போடுங்க. உக்கார முடியலன்னா நின்னு எழுதட்டும். யாருக்கும் மறைக்காது."

"கடைசி வரிசையா? வெளங்கிடும்" என்றார் தலைமை ஆசிரியர்.

"சார், வீட்டுல அவ நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவா" என்றாள் அந்த அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "நான்தான் திட்டித் திட்டி உக்கார வெப்பேன். உக்காந்தா பாதிச் சோறு கீழ கெடக்கும்."

தலைமை ஆசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இந்த மாசம் பாப்போம்" என்றார்.

மறுநாள் காலை மணி அடிக்குமுன், மேசையை உயர்த்த நான்கு மரக்கட்டைகளோடு டீச்சர் வகுப்பில் இருந்தார். மேசையைத் தனியாக இழுத்தார். வகுப்பு சார் உள்ளே வந்தார். "தரையெல்லாம் கீறுது, விடுங்க" என்று முனகிக்கொண்டே பையை வைத்துவிட்டு மறுமுனையைத் தூக்கினார். இருவருமாகச் சுவரோரம் கொண்டுபோய்க் கட்டைகள்மேல் நிறுத்தினார்கள்.

சார் மேசைக்குப் பின்னால் போய் நின்றார். வண்டுவின் உயரத்துக்கு முழங்காலை மடக்கிக் குனிந்து கரும்பலகையைப் பார்த்தார். பிறகு முன்னால் நடந்து போய், முந்தின நாள் எழுதியிருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினார்.